கடன் கணக்கு அறிந்த வீடு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்துள்ள மூதூருக்கும் கடன் கணக்குக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1659 ஆம் ஆண்டின் இறுதியில், புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலொன்று பழுதுபார்க்கும் பொருட்டு இக்குடாவை வந்தடைந்தது. மறு ஆண்டிலே கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் கண்டி மன்னனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679 இல் மன்னார்ப் பக்கமாகத் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை இலண்டனில் வெளியிட்டார்.

இவ்வளவும் சரித்திர பாடத்திற் படித்தவையே. பலர் கவனியாத செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. கைதியாய் இருந்த நொக்ஸ் வயிறு வளர்க்கும் பொருட்டுத் தொப்பி பின்னி விற்றார். பின்னர் அயலவர்களுக்கு நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 50 வீதம் வட்டி பெற்றார். அக்காலத்து நாட்டு வழக்கம் அதுவே என்கிறார். அத்துடன், இரண்டு ஆண்டுகளிற் கடன் இரட்டித்துவிடும் என்றும், அதன்பின் எத்தனை காலம் சென்றாலும் மேற்கொண்டு வட்டி கேட்க நாட்டுச் சட்டம் இடந்தராது என்றும் எழுதி வைத்திருக்கிறார். வட்டி கடுமையானதுதான், ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையைக் கடன் கொடுத்தவனும் அறிவான், கடன்பட்டவனும் அறிவான்.

முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின், அதே கரையில் வாழும் ஒரு குடும்பப் பெண் தான் கொடுக்கும் வட்டி எவ்வளவு என்பதை அறிவாளா? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

வாரந்தோறும் வரும் வசூல்காரர்

மூதூர்ப் பகுதி மக்கள் பெரும்பாலும் நெல்லையும், கடலையும், கால்நடையையும் நம்பி வாழ்பவர்கள். இம்மூன்றும் வாரச் சம்பளம் தருவன அல்ல. விதைப்புக்குப் பணம் ஒரு மாதத்தில் வேண்டும். அறுவடைப் பணம் நான்கு மாதங்கழித்து வரும். வாடைக்காற்று வீசும் நாட்களிற் கடலுக்குப் போக இயலாது. ஆகவே கைமாற்று, அடகு, சீட்டு, முதலாளியிடம் முற்பணம் என்பன இங்கே தொன்றுதொட்டு நிலவி வருவன.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2006 இல் மூண்ட போரினால் மக்கள் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது மாடும் இல்லை, வள்ளமும் இல்லை, சேமித்த நகையும் இல்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாதைப்படகுகள் நீங்கிப் பாலங்கள் எழுந்தன. அப்பாலங்களின் வழியே பாடசாலைப் பிள்ளைகளும் நோயாளிகளும் வியாபாரிகளும் விரைந்து சென்றார்கள். கடன் கொடுக்கும் நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்களும் விரைந்து வந்தன.

அடகுக்கு நகை வேண்டியதில்லை, உறுதிக்குக் காணி வேண்டியதில்லை. ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும் என்றார்கள். வாரந்தோறும் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு நிறுவனத்தின் தவணைக்காக இன்னொரு நிறுவனத்திற் கடன், அதற்காக மூன்றாவது. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறு சிக்குண்ட குடும்பங்கள் பல. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை உயர்ந்திருந்ததை உலகறியச் சொன்னார். அதே ஆண்டில் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 வீத எல்லையும் வகுத்தது. 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்பும் பெற்றுக் கடனும் கொடுக்கும் நிறுவனங்களையே பெரிதும் கருத்திற் கொண்டமையால், கடன் மாத்திரம் கொடுப்போர் பலர் அதன் வலைக்கு வெளியே நின்றனர். பின்னர் 2022 இல் நாடே கடனடைக்க இயலாது நின்றபோது, விலைவாசி ஏற்றம் ஆண்டுக்கு 70 வீதத்தை அண்மித்து ஏழையின் கையிலிருந்த கொஞ்சத்தையும் கரைத்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு

நிவாரணம் வேண்டும், சட்டமும் வேண்டும். இவற்றோடு மூன்றாவதாக வேண்டப்படுவது கணக்கறிவு. அதன் பெறுமதியை ஓர் உதாரணத்தாற் காட்டுவேன். வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக.

ஒரு பெண் 50,000 ரூபா கடன் பெறுகிறாள். வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லப்படுகிறது. வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபா. இதனை 52 வாரங்களிற் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. எல்லாம் ஒழுங்காகவே தோன்றுகிறது. ஆனால் அவள் 50,000 ரூபாவையும் ஆண்டு முழுவதும் கையில் வைத்திருந்தாளா? இல்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அரையாண்டில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சியிருக்கும். கடைசி வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம். வட்டியோ ஆண்டு முழுவதற்கும் முழுத் தொகைக்கும் அறவிடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் நிலுவையின் மீது நுணுகிக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதமாகும்.

இத்துடன் முடிவதில்லை. 'ஆவணச் செலவு' என்று 2,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 48,000 ரூபாவையே கையிற் கொடுத்தால், உண்மை வட்டி 52 வீதத்தைத் தாண்டிவிடும். நொக்ஸ் காலத்து நெல் வட்டியையும் இது விஞ்சிவிட்டது. பத்திரத்திலோ 24 என்றுதான் இருக்கும்.

இதிலே பொய் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லப்பட்ட எண் ஒரு முறைக்கு உரியது. வங்கி சொல்லும் எண் வேறொரு முறைக்கு உரியது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடத் தெரியாதவர், வங்கியின் 20 வீதத்துக்கும் வாசலில் வந்து நிற்பவரின் 24 வீதத்துக்கும் நான்கு வீதந்தான் வேற்றுமை என்று எண்ணிவிடுவார். கணக்கியல் பயிலும் என் மாணவர்கள் ஐந்தொகையைப் பிழையின்றிச் சமப்படுத்துகிறார்கள்; தம் வீட்டுத் தவணைப் புத்தகத்தைக் கொடுத்து உண்மை வட்டி என்னவென்று கேட்டால் தயங்குகிறார்கள். பிள்ளைகளே தயங்கும்போது தாய்மாரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

கற்பித்தலுக்கு வைத்த காசு

கணக்கறிவை ஊருக்குள் யார் கற்பிப்பது? அதற்குச் செலவு யார் கொடுப்பது? இவ்வினாக்களுக்குச் சரித்திரம் சில நல்ல விடைகளை வைத்திருக்கிறது.

1844 டிசம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே நெசவாளர் சிலர் கூடி ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தொட்டில் அது. அச்சங்கம் வளர்ந்தபோது, ஆதாயத்தில் இரண்டரை வீதத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. மாவும் வெண்ணெயும் விற்கும் கடைக்குக் கல்வி எதற்கு என்று அவர்கள் எண்ணவில்லை. கணக்குத் தெரியாத அங்கத்தவர்கள் உள்ள சங்கம் சிலருடைய கைக்குள் அகப்பட்டுவிடும் என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

நம் நாட்டிலே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் வந்தது. சென்னை மாகாணமும் இந்தியாவின் ஏனைய பகுதிகளும் 1904 இலேயே அத்தகைய சட்டத்தைப் பெற்றுவிட்டன. ஐக்கிய நாணய சங்கம் என்று நம் பாட்டன்மார் அழைத்த அச்சங்கங்களின் முதற் பாடமே சிக்கனந்தான். சங்கத்தின் பேரேட்டை விரித்து, இன்னாருக்கு இவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் படிப்பது ஒரு பெரிய கல்வி.

அண்மைக் காலத்து உதாரணம் தென்னிந்தியாவிலிருந்து வருகிறது. 1980களின் நடுப்பகுதியில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்னும் தொண்டு நிறுவனம் ஒன்றைக் கண்டது. பெரிய கூட்டுறவுச் சங்கங்களில் நம்பிக்கை இழந்த கிராமத்தார், தம்முள் மனமொத்தவர்களாகச் சிறு சிறு குழுக்களாய்ப் பிரிந்து, தாமே சேமித்துத் தாமே கடன் கொடுத்துக்கொள்ளத் தொடங்கினர். அக்குழுக்களுக்கு வேண்டியிருந்தது பெருந்தொகையன்று. கூட்டம் நடத்தவும், குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும், கடன் முடிவுகளை ஆராய்ந்து எடுக்கவும் பயிற்சியே. 1987 இல் இந்தியாவின் தேசிய வேளாண்மை ஊரக வளர்ச்சி வங்கியான நபார்ட், மைராடாவுக்குப் பத்து இலட்சம் ரூபாவை மானியமாக வழங்கியது. குழுக்களைப் பயிற்றுவதற்கும், அவர்கள் சேமித்த பணத்துக்கு ஈடுசேர்ப்பதற்கும் அது பயன்பட்டது. 1989 இல் தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அரசின் திட்டமாகவே தொடங்கின. 1992 இல் நபார்ட் இத்தகைய 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் பரீட்சார்த்தத் திட்டத்தை ஆரம்பித்தது. பின்னர் அது இந்தியா முழுவதும் பரவி, சுய உதவிக் குழு என்ற பெயர் வீட்டுக்கு வீடு ஒலிக்கலாயிற்று. ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலே கண்ணுக்கும் புலப்படாத பத்து இலட்சம் அவ்வளவு தூரம் சென்றது.

இன்னும் ஒன்று. வங்கிகளிற் பத்து ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைக் கொண்டு இந்திய ரிசேவ் வங்கி 2014 இல் வைப்பாளர் கல்விக்கென ஒரு நிதியத்தை அமைத்தது. உரியவர் பின்னாளில் வந்தாற் பணம் திருப்பிக் கொடுக்கப்படும். 2017 முதல் தொண்டு நிறுவனங்கள் வங்கிகளோடு சேர்ந்து கிராமப்புறங்களிலே நிதி அறிவு நிலையங்களை நடத்தி வரலாயின. நம் நாட்டிலும் பத்து ஆண்டுகள் தீண்டப்படாத வைப்புகள் மத்திய வங்கிக்கு மாற்றப்படும் விதி உண்டு. உரியவரின் உரிமை கெடாமல், அதிலிருந்து கிடைக்கும் வருவாயில் ஒரு சிறு பகுதியைக் கிராமச் சங்கங்களின் கற்பித்தலுக்கு ஒதுக்கினால் என்ன? மத்திய வங்கி 2024 இல், 2028 வரையான நிதி அறிவு வழிகாட்டித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. வழி காட்டப்பட்டுவிட்டது, அவ்வழியே நடக்கக் கால்கள் வேண்டும். கிராமத்து மாதர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், மீனவர் சங்கமும், மரண சகாய சங்கமுமே அக்கால்கள்.

அறுபதாயிரத்தில் ஒரு வகுப்பு

செலவு எவ்வளவு ஆகும்? மாதிரிக்கு ஒரு திட்டம் போடுவோம். இருபத்தைந்து பெண்களுக்கு வாரம் ஒரு மாலையாகப் பன்னிரண்டு வாரங்கள் வகுப்பு. ஆசிரியைக்கு வகுப்பொன்றுக்கு 2,500 ரூபா வீதம் 30,000. கொப்பியும் பேனையும் ஆளுக்கு 300 ரூபா வீதம் 7,500. தேநீரும் சிற்றுண்டியும் வாரம் 1,500 ரூபா வீதம் 18,000. கரும்பலகை, அச்சுத்தாள் முதலியவற்றுக்கு 4,500. கூட்டினால் 60,000 ரூபா. மேலே நாம் கண்ட கடனிலே ஐந்து பெண்கள் ஓர் ஆண்டிற் கொடுக்கும் வட்டியும் இதே 60,000 தான். இருபத்தைவரில் ஐவர் வேண்டாத கடனொன்றைத் தவிர்த்தாலே கொடை மீண்டு வந்துவிடும்.

ஆனால் கொடையைக் கொடுக்கும் முறையில் கவனம் தேவை. விளம்பரப் பலகைக்கும், விருந்தினர் மாலைக்கும், குளிரூட்டிய மண்டபத்து ஒருநாட் கருத்தரங்குக்கும் செலவாகும் பணம் கடன்பட்டவளின் கொப்பியை எட்டுவதில்லை. கொடை சிறிதாக இருக்கட்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்திலே, தமிழிலே இருக்கட்டும். பாதித் தொகையை முதலிலும், வரவுப் பதிவையும் செலவுக் கணக்கையும் பார்த்தபின் மீதியையும் கொடுக்கட்டும். அந்தச் செலவுக் கணக்கைச் சங்கமே வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டட்டும். கணக்குக் கற்பிக்கப் பெற்ற கொடையின் கணக்கே முதற் பாடமாகிவிடும்!

என்ன கற்பிப்பது என்பதும் முக்கியமானது. டொமினிக்கன் குடியரசிலே சிறு வியாபாரிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கணக்கியலை முறைப்படியும், மறு பிரிவுக்கு எளிய கைவிதிகளையும் கற்பித்து நடத்திய ஆய்வு 2014 இல் வெளியாயிற்று. முறைப்படி கற்றவர்களிற் கண்ட மாற்றம் மிகக் குறைவு. 'கடைக்காசு ஒரு பெட்டியில், வீட்டுக்காசு ஒரு பெட்டியில்' என்பது போன்ற எளிய விதியைக் கற்றவர்களே கணக்கை ஒழுங்காக வைத்தனர். எனவே நம் வகுப்பிலும் சூத்திரங்கள் வேண்டாம். சில நல்ல கேள்விகளே போதும்.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை: கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? வட்டி முழுத் தொகைக்கா, குறையும் நிலுவைக்கா? முந்திக் கட்டினால் வட்டி குறையுமா? என் பயிருக்கோ தொழிலுக்கோ பணம் வரும் காலமும் தவணைக் காலமும் பொருந்துகின்றனவா?

பிணை நிற்குமுன் அறிய வேண்டியது: பிணை என்பது உபசாரம் அன்று. கடன்பட்டவர் கட்டாவிட்டாற் பிணை நின்றவரே கட்ட வேண்டும்.

பணத்தை வைக்குமுன் கேட்க வேண்டியவை: இந்நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா? அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்குக் காப்புறுதி உண்டு. அதன் உச்சத் தொகை 2021 இல், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆட்களைச் சேர்த்தாற் பணம் பெருகும் என்று சொல்லும் பிரமிட் திட்டங்களோ வங்கிச் சட்டத்தாலே தடுக்கப்பட்டவை.

மூதூர் தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாய் வாழும் ஊர். வட்டியைச் சமயநெறியால் விலக்கியவர்களுக்கு வட்டி வீதத்தை ஒப்பிடக் கற்பிப்பதோடு வகுப்பு நின்றுவிடலாகாது. வட்டியற்ற கைமாற்று, பங்குத் தொழில், ஸகாத் நிதி, சீட்டு ஆகியவற்றின் கணக்கையும் எழுதிவைக்கக் கற்பித்தல் வேண்டும். பதினைந்து பேர் வாரம் நூறு ரூபா வீதம் சேர்த்தால் ஆண்டு முடிவில் 78,000 ரூபா. இக்கணக்குக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை.

கல்வி மாத்திரம் போதுமா?

போதாது. இதனை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். மழை பொய்த்து நெல் கருகிய வீட்டில், தாய் எவ்வளவு கணக்கு அறிந்தாலும் இல்லாத பணத்தைச் சேமிக்க இயலாது. பிள்ளைக்கு நோய் வந்த இரவில் 52 வீதம் என்று தெரிந்தே கடன் வாங்க நேரும். கடுவட்டி வாங்குவோரைச் சட்டம் அடக்க வேண்டும். வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஏழையின் வாசலுக்குச் செல்ல வேண்டும். இவற்றைச் செய்யாமல், 'மக்களுக்கு அறிவு போதாது' என்று பழியை அவர்கள் தலையிலே போடுவது அறமாகாது.

எனினும் அறிவு ஒன்றைச் செய்யும். வசூல்காரர் முன்னே தலைகுனிந்து நிற்பவளை, 'ஐயா, இந்தக் கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்க வைக்கும். தனியே கேட்க அஞ்சுபவள் இருபத்தைவரோடு சேர்ந்து கேட்பாள். அவ்வாறு கேட்கும் ஊரிலே சட்டமும் விழித்துக்கொள்ளும். வருவாய் சிறிதானாலும் செலவு மிகாதவரைக் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை அன்றே உரைத்துச் சென்றார். செலவு எவ்வளவு என்று அறிந்தவர்க்கன்றோ அது மிகாமற் காக்க இயலும்?

மாணவச் செல்வங்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டிலே தவணைப் புத்தகமோ அடகுச் சீட்டோ இருந்தால் அம்மாவிடம் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். கையிற் பெற்ற தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இனிக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மூன்று வரிகளில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கொடை வரும்போது வரட்டும். அதற்கு முன்னரே முதல் வகுப்பு உங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கலாம்.